அரைச்சுற்று

நவம்பர் 3, ஞாயிறு

நான் காரோடு பேசுவதில்லை.

நேற்று கல்லறைத் திருநாள் பூசை முடிந்து வெளியே வரும்போது, பின்னால் வந்த இரண்டு பெண்களில் ஒருத்தி சொன்னாள்: "பாவம், ஞானாதிக்கம் சார் சம்சாரம். ஷெட்டுல உக்காந்து செத்துப்போன புருசன்கிட்ட பேசிட்டே இருக்குதாம்." இதில் மூன்று தவறுகள். நான் உட்காரவில்லை, நின்றேன். பேசவில்லை, எண்ணினேன். பாவமும் இல்லை. பானெட்டைத் திறந்து, ரப்பர் குழாய்களைத் திருகால் இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்புப் பட்டைகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு. எதையும் வாய்விட்டு எண்ண வேண்டும் என்று கான்வென்ட்டில் கற்றுக்கொடுத்தார்கள். எழுபத்து நான்கு வயதில் அதை விட்டுவிடும் உத்தேசம் எனக்கு இல்லை.

வண்டி இரண்டு வருடமாக நிற்கிறது. ஏற்காட்டிலிருந்து சேலத்து ஆஸ்பத்திரிக்கு இறங்க வழியில்லாத நோயாளிகளுக்காக அதைப் பங்குக் கோவிலுக்குக் கொடுப்பதாக ஃபாதர் இருதயராஜிடம் சொல்லியிருக்கிறேன். 17ஆம் தேதி பூசை முடிந்ததும் ஒப்படைக்க வேண்டும். அதற்குள் ஆறு கிளாம்பையும் நானே கழற்றிப் புதிது மாட்டப்போகிறேன்.

ஏன் நானே என்பதை ஒருமுறை எழுதிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் நவம்பர் 13 மாலை, மெக்கானிக் மாதையன் இந்த வண்டிக்குப் புது ரப்பர் குழாய்கள் போட்டு, பழைய கிளாம்புகளையே இறுக்கிவிட்டுப் போனான். மறுநாள் என் கணவர் சேலம் போய்விட்டு மலை ஏறி வரும்போது, பதினாறாவது கொண்டை ஊசி வளைவில் ரேடியேட்டரின் மேல்குழாய் கழன்றது. நல்ல மூடுபனி. அவர் இறங்கி, பானெட்டைத் தூக்கி வைத்து, வண்டிக்கு முன்னால் நின்றார். மேலிருந்து இறங்கிய லாரிக்காரன் அவரைப் பார்க்கவில்லை. மதியம் பன்னிரண்டே கால்.

மாதையன் சரியாக இறுக்கவில்லை என்று ஊரே சொன்னது. காவல் நிலையத்தில் நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலமும் அப்படித்தான். அதற்குப் பிறகு யாரும் அவனிடம் வண்டி விடவில்லை. பட்டறையை மூடிவிட்டு மலையிறங்கிப் போய்விட்டான்.

அதனால்தான் நானே.

நவம்பர் 4, திங்கள்

வண்டிச் சாமான் விற்கும் லத்தீப் கடையில் ஆறு கிளாம்ப் வாங்கினேன். பெரியது நான்கு, சிறியது இரண்டு.

"மாட்ட ஆளு அனுப்பட்டுமாம்மா?"

"வேண்டாம்."

"கை வலிக்கும்மா. பழைய கிளாம்ப் துருப்புடிச்சு சட்டுனு கழலாது."

"லத்தீப், நான் அறுபது வருடம் என் தையல் மிஷினை நானே பிரித்துப் பூட்டியவள்."

"மிஷினா!" என்று சிரித்தார். "அப்ப சரி. ரேடியேட்டருக்கு ஒரு ஜாக்கெட் தெச்சுப் போட்டுருங்க."

நான் சிரிக்கவில்லை. பொட்டலம் கட்டிக்கொண்டே, "மாதையன் இருந்தா அரை மணி வேலை" என்றார்.

"அந்தப் பெயர் வேண்டாம்."

"மேச்சேரியில ஒரு பட்டறையில கூலிக்கு நிக்கிறாரும்மா. எனக்கு ஆயிரம் வண்டி தெரியும். அவரு கை வெச்சு ஒண்ணு கழண்டதில்ல."

ஒன்று கழன்றது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்தேன். பழுப்பாக ஒன்றரை வாளி வந்தது. வாளியை நகர்த்தக் கை வைத்த வேலைக்காரி குப்பாயி சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, சுடுது."

"உளறாதே."

நானும் தொட்டேன். சுட்டது என்பது மிகை. குளிக்கிற வெந்நீர் பதம். நான்கு நாளாக வெயில் இல்லை. இந்த எஞ்சின் ஓடி இரண்டு வருடம் ஆகிறது. பேட்டரியையே கழற்றி எடுத்தாகிவிட்டது.

கிளாம்புத் திருகுகள் எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் விட்டேன். ஊற வேண்டும். பானெட்டை மூடி, ஷெட்டைப் பூட்டி, சாவியை என் ஜெபப் புத்தகத்துக்கு அடியில் வைத்தேன்.

நவம்பர் 6, புதன்

காலையில் பானெட் திறந்திருந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது.

நவம்பர் 7, வியாழன்

பழையவற்றைக் கழற்றிவிட்டேன். மூன்று மண்ணெண்ணெய்க்கு இணங்கின. இரண்டின் திருகுத் தலை தேய்ந்து போயிருந்ததால், பட்டைக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு தகரத் துண்டைச் செருகி, ரம்பப் பிளேடால் அறுத்தேன். தகரம் வைக்காமல் அறுத்தால் குழாயும் சேர்ந்து போகும். ஆறாவது அன்று கழன்ற மேல்குழாயில் இருந்தது. வண்டியைக் கட்டி இழுத்து வந்தவர்களாக இருக்கலாம், குழாயைச் சும்மா செருகிவிட்டிருந்தார்கள். கிளாம்ப் வளையல் போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மற்ற ஐந்தும் அன்று எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. ஐந்தின் திருகுத் தலைகளும் ஒரே பக்கம், இடது பக்கம், அளந்து வைத்தாற்போல் பார்த்திருந்தன. மாதையனுக்கு இவ்வளவு ஒழுங்கு உண்டென்று நான் நினைத்ததில்லை. குப்பாயியிடமும் சொன்னேன்.

"அவரா?" என்றாள். "அவரு எந்தப் பக்கம் கை பூருதோ அந்தப் பக்கம் தலைய வெச்சு முறுக்கிட்டுப் போயிடுவாரு. ஒண்ணு கெழக்க பாக்கும், ஒண்ணு மேக்க பாக்கும். இந்த வூட்ல எல்லாத்தையும் வரிசை கட்டி நிக்க வெக்கிறது நீங்கதான். துணி காயப்போட்டா கிளிப்புகூட ஒரே கலரா இருக்கோணும் உங்களுக்கு."

டார்ச்சை நேராகப் பிடிக்கச் சொன்னேன்.

நவம்பர் 8, வெள்ளி

மூட்டு வலி. வேலை இல்லை. பானெட் திறந்திருந்தது. மூடினேன்.

நவம்பர் 9, சனி

ஆறும் மாட்டியாகிவிட்டது. குழாய் பொருந்துகிற உலோகக் கழுத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். கிளாம்பை முதலில் குழாய்மேல் போட்டுவிட்டு, பிறகு குழாயைக் கழுத்தில் ஏற்றினேன். தலைகளை இடது பக்கம் வரிசைப்படுத்தி, என் மரப்பிடித் திருப்புளியால் முழுக்க இறுக்கி, ஒவ்வொன்றையும் அரைச்சுற்று தளர்த்தி விட்டுக்கொடுத்தேன்.

இந்த அரைச்சுற்றை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தையல் வகுப்பு சிஸ்டர் பெர்த்தா. "முழுக்க இறுக்கு, பிறகு அரைச்சுற்று விட்டுக்கொடு. இல்லையென்றால் நூல் அறும்." அறுபது வருடமாக மிஷின் திருகு, ஜாம் பாட்டில் மூடி, குழாய்த் திருகு எல்லாவற்றையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். எதுவும் அறுந்ததில்லை, எதுவும் இறுகிப் பிடித்துக்கொண்டதில்லை.

திருகின்மேல் ஆரம்பித்துப் பட்டை வரை போகிறமாதிரி, ஆறிலும் வெள்ளை மையால் ஒரு நேர்கோடு போட்டேன். பங்குச் செய்தித்தாளைத் தட்டச்சு செய்யும்போது பிழை திருத்துகிற மை. திருகு துளி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

நவம்பர் 10, ஞாயிறு

ஆறு கோடுகளும் உடைந்திருந்தன.

தளரவில்லை. இறுகியிருந்தன. ஒவ்வொன்றும் சரியாக அரைச்சுற்று. நான் விட்டுக்கொடுத்ததை யாரோ திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குப்பாயியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் கைகளைப் பார்த்தாள். என் நகங்களில் வெள்ளை மை இல்லை.

"நான் ராத்திரி எங்கூட்ல இல்லீங்களாம்மா இருந்தேன்? எனக்குத் திருப்புளிய எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னே தெரியாது."

ஆறையும் கோட்டுக்குத் தளர்த்தினேன்.

நவம்பர் 11, திங்கள்

மறுபடியும் ஆறும் இறுக்கம். அரைச்சுற்று. மறுபடியும் தளர்த்தினேன்.

என் வேலையை யாரும் திருத்தி எனக்குப் பழக்கமில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

இறுக்கம். அரைச்சுற்று.

ஷெட்டுக்குள் பனி இறங்கி, சிமெண்டுத் தரை முழுவதும் வேர்த்துக் கறுத்திருந்தது. வண்டியின் முன் பம்பருக்கு நேராக மட்டும் இரண்டு இடம் வெளுத்துக் காய்ந்திருந்தன. பக்கத்தில் பக்கத்தில், நீளவாக்கில். பனி இறங்கிய நேரம் முழுவதும் அங்கே ஒருவர் நகராமல் நின்றிருந்தால் தரை அப்படித்தான் இருக்கும்.

ஸ்கேலை எடுத்து வந்து அளந்தேன். பத்தே முக்கால் அங்குலம். இடது பாதம் சற்று வெளியே திரும்பியிருந்தது.

குப்பாயி வாசலிலேயே நின்றுவிட்டாள். "அம்மா, அது அய்யா நிக்கிற தினுசு."

"தரையில் ஈரம் சமமாக இறங்குவதில்லை. அவ்வளவுதான்."

"செரிங்க. அந்தத் திருகைத் தெனம் தெனம் எதுக்குத் தளத்துறீங்க? யாரோ நல்லது பண்ணிட்டுப் போறாங்க. வுட்டுருங்களேன்."

பத்தே முக்கால் அங்குலம் என்று இங்கே எழுதி வைப்பது ஒரு குறிப்புக்காக மட்டும்.

நவம்பர் 13, புதன்

லத்தீப் கடைக்குப் போனேன்.

"புது கிளாம்ப் தானாக இறுகுமா?"

"தானா லூசாவும்மா. தானா இறுகுனதா சரித்திரமே இல்ல. ஏன், என்னாச்சு?"

என் முறையைச் சொன்னேன். முழுக்க இறுக்கி, அரைச்சுற்று விட்டுக்கொடுப்பது. அவர் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"யாரும்மா விட்டுக் குடுக்கச் சொன்னா?"

"அதுதான் முறை."

"மிஷின்ல நூலு ஓடுதும்மா. இதுல கொதிக்கிற தண்ணி ஓடுது. மேட்டுல ஏறும்போது உள்ள என்ன பிரஷர் தெரியுமா? ரப்பர் ஓரத்துல லேசா பிதுங்கற வரைக்கும் இறுக்கணும், அப்படியே விட்டுரணும். ஓட்டிப் பாத்து, ஆறுனப்புறம் இன்னும் கொஞ்சம் இறுக்கணும். நீங்க சொல்ற மாதிரி வெச்சா பத்தாவது வளைவோ பதினாறாவது வளைவோ..."

அங்கே நிறுத்திக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அந்தப் பழைய கிளாம்பை யாராச்சும் அப்புறம் தொட்டாங்களாம்மா?"

"யாரும் தொடவில்லை. எழுதியே கொடுத்திருக்கிறேன்" என்றேன்.

கடைக்காரர்களுக்கு எல்லாம் தெரிந்ததுபோல ஒரு பேச்சு. வீடு வந்ததும் ஆறையும் கோட்டுக்குத் தளர்த்தினேன்.

நவம்பர் 14, வியாழன்

இரண்டாம் ஆண்டு. காலைப் பூசை. பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். குப்பாயிக்கு இன்று விடுப்பு.

பன்னிரண்டு மணிக்கு ஷெட்டைத் திறந்தேன். பானெட் மூடியிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டேன். ஆம், இன்று உட்கார்ந்தேன். மதியமாயினும் வெளியே தோட்டம் தெரியாத அளவுக்கு மூடுபனி.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் சூடான ரப்பர் வாசனை. அடுத்து கண்ணாடி ஆவி படிந்து மங்கியது. நான் துடைத்தேன், ஆவி உள்பக்கத்தில் இல்லை. பிறகு பானெட் மெதுவாக, சத்தமில்லாமல் என் எதிரே எழுந்து நின்று வெளிச்சத்தை மறைத்தது. தூக்கிய பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே, கீழே நான்கு விரல் அகலத்துக்கு ஒரு சந்து இருக்கும். அது வழியாக எஞ்சின் தெரியும்.

இரண்டு கைகள் தெரிந்தன. இடது கை மேல்குழாயைப் பிடித்திருந்தது. வலது கை திருப்புளியைச் சுற்றிக்கொண்டிருந்தது. பழக்கமில்லாத கை. திருப்புளி இரண்டு தடவை வழுக்கிவிட்டது. மூன்றாவது தடவை பள்ளத்தில் உட்கார்ந்து, அரைச்சுற்று சுற்றியது. அவசரமில்லை.

இடது கை மோதிரத்தை நான் அடையாளம் சொல்லப்போவதில்லை.

"போதும்" என்று சொன்னேன். அந்தப் பெண்கள் இதை வைத்துக்கொள்ளட்டும், இன்று பேசினேன்.

கைகள் நிற்கவில்லை. அடுத்த கிளாம்புக்குப் போயின. அதற்கும் அடுத்ததற்கு. ஆறும் முடிய எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. நான் எண்ண மறந்துவிட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

வாக்குமூலத்தின் நகலைப் பீரோவிலிருந்து எடுத்தேன். என் கையெழுத்து. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. காவல் நிலைய எழுத்தர்கூடப் பாராட்டினார்.

"13ஆம் தேதி மாலை மாதையன் கிளாம்புகளை இறுக்கினார். அதன் பிறகு வண்டியை யாரும் தொடவில்லை."

அதோடு சேர்த்துப் பின் குத்தியிருந்த தாள், விபத்து நடந்த இடத்தில் எடுத்த பொருள்களின் பட்டியல். கைக்கடிகாரம். மூக்குக் கண்ணாடி. செபமாலை. நான்காவது: "இறந்தவரின் வலது கையில், மரப்பிடி போட்ட சிறிய திருப்புளி ஒன்று."

எல்லாவற்றையும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்கள். நான் திருப்புளியைத் துடைத்து, தையல் மிஷின் இழுப்பறையில் அதன் இடத்தில் வைத்தேன். அது எப்படி மலைப்பாதைக்குப் போனது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது எழுதுகிறேன். விபத்து நடந்த அன்று காலை ஆறரை மணிக்கு, அவர் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது, மாதையன் என்ன செய்திருக்கிறான் என்று பார்க்க ஷெட்டுக்குப் போனேன். திருகுத் தலைகள் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே பார்த்திருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. ஆறையும் தளர்த்தி, இடது பக்கம் திருப்பி வைத்து, முழுக்க இறுக்கி, அரைச்சுற்று விட்டுக்கொடுத்தேன். உள்ளேயிருந்து அவர் "கிளாரா, என் பேனா எங்கே?" என்று கூப்பிட்டார். திருப்புளியை ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன். பேனாவைத் தேடிக் கொடுத்தேன். திருப்புளியை மறந்தேன்.

காவல் நிலையத்தில் எழுதும்போது எனக்கு இது நினைவில் இல்லை.

மேலே உள்ள வரி உண்மையில்லை. நினைவிருந்தது. நான் செய்தது வரிசைப்படுத்துவது, அது தொடுவது ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திருப்புளியின் கைப்பிடியைக்கூடச் சரியாகப் பிடிக்கத் தெரியாத மனிதர். குழாயை மறுபடி செருகி, நான் விட்டுக்கொடுத்த அரைச்சுற்றைப் பனிக்குள் நின்று இறுக்கிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 16, சனி

கோடுகளைத் துடைத்துவிட்டு, ஆறையும் ரப்பர் பிதுங்கும்வரை இறுக்கினேன். விட்டுக்கொடுக்கவில்லை. தலைகள் கைக்கு எட்டுகிற பக்கம் பார்க்கட்டும் என்று விட்டேன். புதிதாகக் கோடு போட்டேன். லத்தீப் பேட்டரி கொண்டுவந்து மாட்டி, எஞ்சினை ஓட்டி, ஆறிய பிறகு இன்னும் கொஞ்சம் இறுக்கிக் காட்டினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மறுபடியும் கோடு போட்டேன்.

"இப்பத்தான் மாதையன் வேலை மாதிரி இருக்கு" என்றார். நான் பானெட்டை மூடினேன். உண்மையை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். குப்பாயியும் பக்கத்தில்தான் நின்றாள்.

நவம்பர் 17, ஞாயிறு

ஐந்தரை மணிக்குப் போய்ப் பார்த்தேன். ஆறு கோடுகளும் உடையாமல் இருந்தன. இனி இதில் அவருக்கு வேலை இல்லை.

ஆனால் பானெட் திறந்திருந்தது. தரை வேர்த்திருந்தது. பம்பருக்கு முன்னால் இருந்த காய்ந்த பாதங்கள் வண்டியைப் பார்க்கவில்லை. திரும்பி, வீட்டைப் பார்த்திருந்தன.

பூசைக்குக் கிளம்ப வெளியே வந்தபோது, வீட்டு வாசற்படிக்குக் கீழே, ஈரக் கல்லில், இன்னொரு ஜோடி இருந்தது. இடது பாதம் சற்று வெளியே திரும்பியிருந்தது. அளக்கவில்லை.

பூசை முடிந்ததும் ஃபாதரிடம் இன்று வண்டியைத் தர இயலாது என்றேன்.

"ஏம்மா, ரிப்பேர் ஏதாச்சும்?"

"வண்டி சரியாக இருக்கிறது, ஃபாதர். நான் எழுதிக் கொடுத்த தாள் ஒன்று சரியாக இல்லை."

"எல்லாரும் வெளியில நிக்கிறாங்க. உள்ள வந்து சொல்லுங்க" என்றார். சொன்னேன். "அந்த மனுசன் முகத்தை எப்படிம்மா பாப்பீங்க?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து கடிதம் எழுதினேன். அதன் நகல்:

திரு. மாதையன் அவர்களுக்கு,

இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் இறுக்கியது சரியாகவே இருந்தது. மறுநாள் காலை அதை நான் தளர்த்தினேன். யாரும் தொடவில்லை என்று காவல் நிலையத்தில் நான் எழுதிக் கொடுத்தது பொய். நாளை அதே நிலையத்தில் திருத்தி எழுதிக் கொடுப்பேன். அதன் நகலை உங்களுக்கும், பங்குச் செய்தித்தாளுக்கும், லத்தீப் கடைக்கும் அனுப்புவேன். வருகிற ஞாயிறு பூசை முடிவில் எல்லோர் முன்னும் நானே வாசிப்பேன். மன்னிப்பை இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. அது உங்கள் எதிரில் நின்று கேட்க வேண்டியது.

வண்டியில் புதிய கிளாம்புகள் ஆறு போட்டிருக்கிறேன். நோயாளிகளை ஏற்றுவதற்கு முன் நீங்கள் ஒருமுறை பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் போதாது. நான் மட்டும் இதைச் சொல்லவில்லை. என் கணவர் வீட்டு வாசற்படிவரை வந்துவிட்டார். நீங்கள் நம்பவேண்டிய அவசியமில்லை. ஆனால் காலம் அதிகமில்லை.

நீங்கள் வருவீர்களா, எந்தத் தேதியில், அல்லது வர விருப்பமில்லையா என்பதைத் தொலைபேசியில் சொல்லாமல் உங்கள் கையால் எழுதி, என் வீட்டு முகவரிக்கு அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

கிளாரா ஞானாதிக்கம்